நோயின் மேல் போட்ட பழி

மெர்வின் பீக்கின் டைட்டஸ் நாவல்களைக் கையில் எடுக்கும் எவருக்கும் கேட்காமலே ஓர் அறிவுரை கிடைத்துவிடுகிறது. முதல் இரண்டைப் படியுங்கள், மூன்றாவதை விட்டுவிடுங்கள். 1946-இல் வெளிவந்த ‘டைட்டஸ் குரோன்’, 1950-இல் வெளிவந்த ‘கார்மென்காஸ்ட்’ இரண்டும் ஆங்கில மிகுபுனைவின் சிகரங்கள். 1959-இல் வந்த ‘டைட்டஸ் அலோன்’ மூளை நோயால் சிதைந்துகொண்டிருந்த ஒருவர் விட்டுச்சென்ற இடிபாடு. அறிவுரையின் சாரம் இவ்வளவுதான். பிபிசி 2000-ஆம் ஆண்டில் இந்தக் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோதுகூட இரண்டாம் நாவலோடு நிறுத்திக்கொண்டது. மூன்றாவது புத்தகம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் அந்தத் தொடரைப் பார்த்து முடித்தவர்கள் ஏராளம் இருப்பார்கள்.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ‘டைட்டஸ் அலோன்’ குறையற்ற நாவல் என்று வாதாடுவது என் நோக்கமும் அல்ல. படித்து முடித்தபோது அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு வியப்பும் எரிச்சலும் ஒன்றாகவே இருந்தன. திரும்பப் படித்த பிறகும் அந்தக் கலக்கம் தெளியவில்லை. சில அத்தியாயங்களை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது, சிலவற்றைத் தாண்டிப் போகத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கலக்கத்தை எடுத்துக்கொண்டு போய் ஆசிரியரின் மருத்துவக் குறிப்பில் ஒட்டவைப்பது வாசிப்பு ஆகாது. ஒரு நாவல் நம்மைத் தொந்தரவு செய்கிறதென்றால் ஏன் செய்கிறது என்று நாவலிடம்தான் முதலில் கேட்க வேண்டும். ‘டைட்டஸ் அலோன்’ விஷயத்தில் அறுபது வருடங்களுக்கும் மேலாக அந்தக் கேள்வியை மருத்துவரிடமே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

படிக்காதவர்களுக்காகக் கதையின் தொடக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கார்மென்காஸ்ட் என்பது ஒரு கோட்டை. ஒரு நாடு அளவுக்கு விரிந்து கிடக்கும் கல் மலை என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். மந்திரமோ டிராகனோ குட்டிச்சாத்தானோ அங்கே கிடையாது. இருப்பதெல்லாம் சடங்கு. எந்த நாளில் பிரபு எந்தப் படிக்கட்டில் இறங்க வேண்டும், எந்த நேரத்தில் எந்த அறைக்குள் நுழைய வேண்டும் என்பதெல்லாம் புத்தகங்களில் எழுதப்பட்டிருக்கின்றன. ஏன் என்று எவருக்கும் தெரியாது, எவரும் கேட்பதுமில்லை. கோட்டைச் சுவருக்கு வெளியே மண் குடிசைகளில் வாழும் மரச்சிற்பிகள் ஆண்டு முழுக்கச் செதுக்கிக் கொண்டுவரும் சிற்பங்களில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, மிச்சத்தை அன்று மாலையே எரித்துவிடுகிறார்கள். தேர்வான மூன்றும் ஒரு மாடக்கூடத்தில் போய்ச் சேர்கின்றன. அங்கே அவற்றைப் பார்க்க எவரும் வருவதில்லை. தூசி தட்ட ஒரு காவலாள் இருக்கிறார். இந்த ஒரு ஏற்பாட்டைச் சொல்லிவிட்டாலே கார்மென்காஸ்ட்டின் அழகும் குரூரமும் புரிந்துவிடும்.

இந்தக் கோட்டையின் எழுபத்தேழாவது பிரபுவாகப் பிறக்கிறான் டைட்டஸ். முதல் நாவல் முடியும்போது அவன் கைக்குழந்தைப் பருவத்தையே முழுதாகத் தாண்டவில்லை. சமையலறையிலிருந்து தப்பி மேலேறும் ஸ்டியர்பைக் என்ற பையன் நூலகத்துக்குத் தீ வைக்கிறான். புத்தகங்களை இழந்த தந்தை செபல்கிரேவ் புத்தி பேதலித்து, தன்னை ஓர் ஆந்தையாக எண்ணிக்கொண்டு, ஆந்தைகளுக்கே இரையாகிறார். இரண்டாம் நாவலில் வெள்ளம் கோட்டையை மூழ்கடிக்கிறது. டைட்டஸின் அக்கா ஃபியூஷா நீரில் விழுந்து சாகிறாள். டைட்டஸ் ஸ்டியர்பைக்கைக் கொல்கிறான். பிறகு, தான் பிறந்த இடத்தையும் தன் பட்டத்தையும் உதறிவிட்டுக் குதிரையேறிப் போய்விடுகிறான்.

அவன் போய்ச் சேரும் இடத்தில்தான் சண்டை தொடங்குகிறது. அங்கே கார்கள் ஓடுகின்றன. வானத்தில் விமானங்கள் பறக்கின்றன. கண்ணாடிக் கோளங்கள் ஆட்களைப் பின்தொடர்ந்து உளவு பார்க்கின்றன. தலைக்கவசம் அணிந்த இரு உருவங்கள் ஒரு சொல்லும் பேசாமல், ஒரே சீராக நகர்ந்து, டைட்டஸை நாவல் முழுக்கத் துரத்துகின்றன. முந்தைய நாவல்களில் ஒரு சமையல்காரரின் வயிற்றை வர்ணிக்கவே பக்கங்களை எடுத்துக்கொண்ட பீக், இங்கே 100-க்கும் மேற்பட்ட குட்டிக் குட்டி அத்தியாயங்களில் ஓடுகிறார். சில அத்தியாயங்கள் அரைப் பக்கம்கூட இல்லை. ஒருமை குலைந்துவிட்டது, உலகம் உடைந்துவிட்டது, எழுதியவரின் மூளையும் உடைந்துகொண்டிருந்தது, ஆகவே இரண்டும் ஒன்று என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

முதலில் அந்த உடைசல்களின் கணக்கைப் பார்ப்போம். 1959-இல் விமர்சகர்கள் கையில் இருந்தது பீக் எழுதிய புத்தகமே அல்ல. பதிப்பகத்தார் கையெழுத்துப் பிரதியில் நிறைய வெட்டியிருந்தார்கள். 1960-களில் லாங்டன் ஜோன்ஸ் என்ற எழுத்தாளர் இதைக் கவனித்தார். பீக்கின் ‘தி ரைம் ஆஃப் தி ஃப்ளையிங் பாம்ப்’ என்ற கவிதைக்கு இசையமைத்தவர் அவர். மூலப் பிரதிகளையும் அச்சான நூலையும் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டார். வெட்டப்பட்ட பகுதிகளை முடிந்தவரை மீட்டு, 1970-இல் திருத்திய பதிப்பு வெளிவரக் காரணமானார். பீக் அதைப் பார்க்கவில்லை. அவர் 1968 நவம்பரிலேயே இறந்துவிட்டார்.

இது நூலகர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தி இல்லை. ஆசிரியர் நோயாளி, அதனால் எழுத்து தெளிவில்லை என்ற எண்ணம் வெட்டியவர்களின் கைக்கு எவ்வளவு துணிச்சல் தந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உடல்நலத்தோடு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் சண்டை போடக்கூடிய எழுத்தாளரின் பிரதியில் இப்படிக் கைவைப்பது எளிதல்ல. வெட்டிய இடங்களில் கதை துண்டுபட்டு நின்றது. அந்தத் துண்டுகளைப் பார்த்த விமர்சகர்கள் நோயின் அடையாளம் என்று எழுதினார்கள். கத்தரிக்கோல் செய்த காயத்துக்கு நோயைக் குற்றவாளியாக்கிய தீர்ப்பு அன்று பிறந்தது. திருத்திய பதிப்பு வந்து அரை நூற்றாண்டு தாண்டியும் அதே தீர்ப்பு கைமாறிக்கொண்டே இருக்கிறது.

முதல் நாவலுக்கும் பாராட்டு மட்டும் கிடைத்துவிடவில்லை என்பதையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். ‘டைட்டஸ் குரோன்’ கையெழுத்துப் பிரதியைப் பதிப்பகத்துக்காகப் படித்தவர் கிரஹாம் கிரீன். நல்ல நாவலாக வர வேண்டியதை பீக் தன் சோம்பலால் கெடுக்கிறார், சொற்கள் பெருத்துவிட்டன, வெட்ட வேண்டும் என்று மிகக் கடுமையாகக் கடிதம் எழுதினார். இன்று அந்தச் சொற்பெருக்கைத்தான் பீக்கின் மேதமை என்று கொண்டாடுகிறோம். நீளமாக எழுதியபோது சோம்பல், சுருக்கமாக எழுதியபோது நோய். பீக் எப்படி எழுதினாலும் அதற்கு அவர் எடுத்த முடிவு ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை மட்டும் எவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

நோய் இருந்தது உண்மை. 1950-களின் நடுவில் அவர் கை நடுங்கத் தொடங்கியது. 1957-இல் அவர் பெரிதும் நம்பியிருந்த ‘தி விட் டு வூ’ நாடகம் லண்டனில் தோற்றபோது நிலைகுலைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மின்னதிர்ச்சி சிகிச்சை கொடுத்தார்கள், பிறகு மூளையில் அறுவை சிகிச்சையும் நடந்தது. எதுவும் பலிக்கவில்லை. அவருக்கு இருந்தது லூயி பாடி டிமென்ஷியாவாக இருக்கலாம் என்று 2003-இல் ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரை பின்னோக்கிக் கணித்தது. மனைவி மேவ் கில்மோர் அந்த ஆண்டுகளைப் பற்றி எழுதியதைப் படித்தால் மனம் கனத்துப்போகும். தூரிகையும் பேனாவும் ஒரே கையில் கொண்டிருந்த ஒருவர், கோடுகள் தன் சொல்லைக் கேட்காமல் போவதைத் தானே பார்த்துக்கொண்டு வாழ்ந்தார். இந்தத் துயரத்தை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் நோயோடு எழுதினார் என்பதும் நோய் எழுதியது என்பதும் ஒன்றல்ல. காஃப்காவுக்கு 1917-இல் காசநோய் கண்டறியப்பட்டது. 1922-இல் அவர் எழுதிய ‘கோட்டை’ நாவல் முடிவில்லாமல், ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றுபோனது. அந்த நாவலை நுரையீரலின் அறிகுறியாக எவரும் படிப்பதில்லை. காஃப்காவின் நோய் நுரையீரலில் இருந்தது, பீக்கின் நோய் மூளையிலேயே உட்கார்ந்திருந்தது, ஆகவே இந்த ஒப்பீடு பொருந்தாது என்று எதிர்வாதம் செய்யலாம். நியாயமான ஆட்சேபம்தான். அந்த நோய் கவனத்தைச் சிதைக்கும், நீண்ட வாக்கியங்களைக் கட்டும் திறனைக் குலைக்கும். மூன்றாம் நாவலின் சில இடங்களில் சொற்றொடர் நொண்டுகிறது, ஒரு பாத்திரம் வந்த வேலை முடியாமலே காணாமல் போகிறது என்பதெல்லாம் எனக்கும் தெரிகிறது. அவற்றை நோயின் கணக்கில் எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன். நாவலின் உலகத்தையும் அதன் பார்வையையும் அது எடுத்துக்கொண்ட பொருளையும் அதே கணக்கில் எழுதத்தான் சம்மதிக்க மாட்டேன். அவை நோய்க்கு வெகு முன்னரே பீக்கிடம் வந்து சேர்ந்தவை. எந்த ஆண்டில், எந்த ஊரில் வந்து சேர்ந்தன என்பதும் தெரியும்.

பெர்கன்-பெல்சன் வதை முகாமை பிரிட்டிஷ் படை 1945 ஏப்ரல் 15 அன்று விடுவித்தது. விடுதலைக்குப் பிறகும் அங்கே 13,000-க்கும் மேற்பட்டோர் பசியாலும் டைஃபஸ் காய்ச்சலாலும் காசநோயாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஜூன் மாதம், ‘தி லீடர்’ என்ற பத்திரிகை பீக்கை ஓவியராக ஜெர்மனிக்கு அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 33. இடிந்த நகரங்களைப் பார்த்தார். பெல்சன் மருத்துவமனைக்குள் போனார். படுக்கைகளில் கிடந்தவர்களை வரைந்தார். அவர்களில் ஒருத்தி காசநோயில் இறந்துகொண்டிருந்த இளம்பெண். அவளைப் பற்றி அவர் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். செத்துக்கொண்டிருக்கும் ஒரு முகத்தைப் பார்த்த கணத்தில் தன் ஓவியக் கண் அங்கே ஒரு படத்தைக் கண்டுவிட்டதே, அந்த வலியை இனி எத்தனை நாள் தன்னால் உணர முடியும், இதுவும் மங்கிப்போகுமோ என்று தன்னையே குற்றக்கூண்டில் ஏற்றிக்கொள்ளும் கவிதை அது. இருபதாம் நூற்றாண்டில் முகாம்களைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இவ்வளவு நேர்மையாகத் தன் கையையே சந்தேகித்த எழுத்து அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ‘டைட்டஸ் அலோன்’ நாவலைத் திறந்து பாருங்கள். ஏரிக்கரையில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. நவீனமானது, துப்புரவானது. உள்ளேயிருந்து ஓர் இரைச்சல் மட்டும் கேட்கிறது. அதன் ஜன்னல்கள் ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரியான முகங்கள் வெளியே பார்த்துக்கொண்டிருக்கின்றன. சுற்றிலும் இனிப்பான, அழுகிய ஒரு மரண நாற்றம். உள்ளே என்ன நடக்கிறது என்று நாவல் விளக்குவதே இல்லை. அந்தத் தொழிற்சாலையின் தலைமை விஞ்ஞானி நல்ல குடும்பத் தலைவர், செல்வந்தர், பண்பாக நடந்துகொள்பவர். அவருடைய மகள் சீட்டா ஊரின் மதிப்புக்குரிய அழகி. நாற்றத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பக்கத்திலேயே விருந்துகள் நடக்கின்றன, மது ஊற்றுகிறார்கள், கவிதை பேசுகிறார்கள்.

நகரத்துக்குக் கீழே ஆற்றடியில் ஒரு குகை உலகம் இருக்கிறது. காகிதம் இல்லாதவர்கள், தப்பி ஓடியவர்கள், தோற்றவர்கள், விற்காத புத்தகங்களைச் சுமந்துகொண்டு திரியும் ஓர் எழுத்தாளர் என எல்லாரும் அந்த ஈரத்தில் பதுங்கிக் கிடக்கிறார்கள். அங்கேதான் கறுப்பு ரோஜா என்ற பெண்ணை டைட்டஸ் சந்திக்கிறான். அவள் ஒரு முகாமிலிருந்து வந்தவள். அங்கே அவளைச் சித்திரவதை செய்த வெய்ல் என்பவன் இன்னமும் அவளைத் தன் உடைமையாக வைத்திருக்கிறான். போர் முடிந்து இடம்பெயர்ந்தோர் முகாம்களில் லட்சக்கணக்கான மக்கள் ஊரும் பெயரும் இல்லாமல் காத்திருந்த ஐரோப்பாவை நேரில் பார்த்தவர் எழுதிய அத்தியாயங்கள் இவை. இவற்றை நோயின் பிதற்றல் என்று சொல்வது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. பெல்சனைப் பார்த்துவிட்டு வந்தவரின் புத்தகத்தில் மரண நாற்றம் வீசுவதற்கு மருத்துவக் காரணம் எதற்குத் தேட வேண்டும்?

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 1956-இல் பீக் ‘பாய் இன் டார்க்னஸ்’ என்ற நெடுங்கதையை வெளியிட்டார். வில்லியம் கோல்டிங், ஜான் விண்டம் ஆகியோரின் கதைகளோடு ஒரே தொகுப்பில் அது வந்தது. கோட்டையிலிருந்து ஒரு நாள் தப்பி ஓடும் சிறுவன், கைவிடப்பட்ட சுரங்கங்களுக்கு அடியில் வெள்ளை ஆட்டுக்குட்டி வடிவில் அமர்ந்திருக்கும் ஓர் எஜமானனிடம் சிக்குகிறான். அது தன்னிடம் வரும் மனிதர்களை மிருகங்களாக மாற்றுகிறது. ஏறக்குறைய எல்லாரும் அந்த மாற்றத்தில் செத்துப்போகிறார்கள், ஆடும் கழுதைப்புலியும் மட்டும் அடிமைகளாக எஞ்சியிருக்கின்றன. தூய வெண்மையும் மென்மையான குரலும் கொண்டு மனிதர்களை வைத்துப் பரிசோதனை நடத்தும் ஓர் அதிகாரம்! மூன்றாம் நாவலின் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் இங்கே போடப்பட்டுவிட்டது. கட்டுக்கோப்பான, ஒரு சொல் பிசகாத கதை இது. இதைப் பீக்கின் சிறந்த படைப்புகளுள் வைப்பவர்கள், அதன் தொடர்ச்சியாக வரும் நாவலை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்புவது என்ன நியாயம்?

அடுத்தது ஒருமை பற்றிய புகார். கோட்டைக்குப் பக்கத்தில் கார் எப்படி வரும் என்கிறார்கள். முதல் இரண்டு நாவல்களின் காலம் காலமற்றது, அதைப் பீக் கலைத்துவிட்டார் என்கிறார்கள். இரண்டாம் நாவலின் கடைசிப் பக்கங்களை இவர்கள் மறந்துவிட்டார்கள். விடைபெறும் மகனிடம் பெரிய பிரபுவம்மா சொல்வதன் பொருள் இதுதான்: நீ போக வேறு இடமே இல்லை, எந்தப் பாதையில் நடந்தாலும் சுற்றிச் சுற்றிக் கார்மென்காஸ்ட்டுக்கே வருவாய். அது ஒரு தாயின் சாபமும்கூட, ஓர் அமைப்பின் சித்தாந்தமும்கூட. எங்கள் சடங்குக்கு வெளியே உலகம் இல்லை என்று சொல்லாத அமைப்பு எது? இரண்டு நாவல்களையும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பவர், அறியாமலே அந்தப் பிரபுவம்மாவின் கட்சியில் சேர்ந்துவிடுகிறார். அவள் சொன்னது பொய் என்று காட்டத்தான் மூன்றாம் நாவல் எழுதப்பட்டது. வெளியே உலகம் இருக்கிறது. அது கோட்டையைவிட மோசமாகவும் இருக்கலாம். ஆனால் இருக்கிறது.

கார்களும் விமானங்களும் தரும் அதிர்ச்சியை அந்த இடத்தில்தான் வைக்க வேண்டும். டைட்டஸுக்கு அந்த அதிர்ச்சி எவ்வளவோ, அவ்வளவும் வாசகருக்கும் கிடைக்க வேண்டாமா? இரண்டு பெரிய நாவல்கள் நெடுகக் கார்மென்காஸ்ட்டுக்குள் வளர்ந்த நாமும் அவனோடு ஒரு சொல்லும் புரியாத நகரத்தில் வந்து விழுகிறோம். அங்கே கார்மென்காஸ்ட்டைப் பற்றி ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. நான் பிரபு என்றால் சிரிக்கிறார்கள், பைத்தியம் என்று நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். அவன் கையில் இருந்த ஒரே ஆதாரம் கோட்டையின் கோபுரத்திலிருந்து எடுத்து வந்த ஒரு கற்சில்லு. தன்னை உளவு பார்த்த கண்ணாடிக் கோளத்தின் மேல் அதை வீசி உடைத்துவிடுகிறான். தன்னைக் காத்துக்கொள்ள அவன் செலவழித்தது, தான் யார் என்பதற்கான கடைசிச் சாட்சியை. அதன் பிறகு தன் நினைவையே அவன் சந்தேகிக்கத் தொடங்குகிறான். ஊரை விட்டு ஓடிவந்து, பெயரைச் சொன்னால் நம்பாத அதிகாரிகள் முன் நின்ற எந்த அகதியையும் கேளுங்கள், இந்த அத்தியாயங்கள் சிதிலமா இல்லையா என்று சொல்வார்.

நாவலின் உச்சமான ‘கறுப்பு வீடு’ இன்னும் துணிச்சலானது. காய்ச்சலில் கிடந்த டைட்டஸ் பிதற்றியதையெல்லாம் கேட்டுவைத்திருந்த சீட்டா, அவன் தன்னைக் காதலிக்க மறுத்ததற்குப் பழிவாங்கத் திட்டமிடுகிறாள். காட்டுக்குள் ஒரு பாழடைந்த மாளிகையில் போலிக் கார்மென்காஸ்ட் ஒன்றை அமைக்கிறாள். அவன் தாய், தந்தை, அக்கா, அரண்மனை மனிதர்கள் எல்லாரும் கேலி உருவங்களாக ஊர்வலம் வருகிறார்கள். அவன் புத்தி உடைய வேண்டும் என்பதுதான் விருந்தின் நோக்கம். கோட்டை மறுபடி வராதா, அந்தப் பழைய முகங்களை மறுபடி பார்க்க மாட்டோமா என்று மூன்றாம் நாவல் நெடுகிலும் ஏங்கிய வாசகருக்குப் பீக் கொடுக்கும் பதில் இதுவே. கேட்ட கோட்டை வந்துவிட்டது, அட்டையிலும் சாயத்திலும் செய்யப்பட்டு, ஒருவனைச் சித்திரவதை செய்யும் கருவியாக. தன் சொந்தப் படைப்பின் மேல் வாசகர்கள் கொண்ட ஏக்கத்தையே எடுத்து இப்படி ஓர் ஆயுதமாக்கிக் காட்டிய நாவலாசிரியர் வேறு எவரையும் எனக்குத் தெரியாது. நினைவு தவறிக்கொண்டிருந்த மனிதருக்கு இந்த அமைப்பு தற்செயலாக வாய்த்தது என்று நம்ப என்னால் முடியவில்லை.

நாவலின் குறைகளை மறைக்கப் போவதில்லை. சீட்டாவைப் பீக் சரியாகப் படைக்கவில்லை. வஞ்சிக்கப்பட்ட அழகியின் பழிவாங்கல் என்ற பழைய சட்டத்துக்குள் அவளை அடைத்துவிட்டார். தொழிற்சாலையின் பாவம் அவள் தந்தையுடையது, தண்டனையின் பெரும்பகுதியோ அவள் தலையில் விழுகிறது. ஆற்றடியில் திரியும் மூன்று பிச்சைக்காரர்களின் வேடிக்கைப் பேச்சு பல இடங்களில் இழுத்துக்கொண்டே போகிறது. டைட்டஸ் மேல் அன்பு காட்டும் ஜூனோ, நாவலில் மிகுந்த கனிவோடு எழுதப்பட்ட பெண், பின்பாதியில் ஓரமாக ஒதுக்கப்படுகிறாள். டைட்டஸே கூட எவர் அன்பையும் சுமக்கத் தெரியாத, நன்றி கெட்ட இளைஞனாகப் பல பக்கங்களில் நடந்துகொள்கிறான். அவன் மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது கறுப்பு ரோஜா. முகாமின் முழுத் துயரத்தையும் சுமந்துகொண்டு வருகிறாள். வெய்லிடமிருந்து அவளை டைட்டஸின் நண்பர் மசில்ஹாட்ச் மீட்கிறார், ஜூனோவின் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள், சுத்தமான படுக்கையில் கிடத்துகிறார்கள். கிடத்தியதும் அவள் இறந்துவிடுகிறாள். கதைக்கு அவளால் ஆக வேண்டிய காரியம் ஆகிவிட்டது என்பது போல. பெல்சனில் செத்தவளைக் கொண்டு ஒரு மிகுபுனைவு நாவலில் ஒரு காட்சி அமைக்கலாமா? அது அவளுக்குச் செய்யும் அஞ்சலியா, அவளைப் பயன்படுத்திக்கொள்வதா? இந்தக் கேள்விக்கு என்னிடம் முடிவான விடை இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை என் வாயில் போட்டவரே பீக்தான். 1945-இல் அந்தக் கட்டிலருகே நின்று தன்னையே கேட்டுக்கொண்டவர் அவர். பதினான்கு வருடங்கள் கழித்து ஒரு நாவலில் மறுபடி அதே கட்டிலுக்குத் திரும்பியிருக்கிறார், இம்முறையும் தோற்றிருக்கிறார். அந்தத் தோல்வியில் இருக்கும் நேர்மைக்கு முன் முதல் நாவலின் பல அழகான பக்கங்கள் எனக்கு வெறும் அலங்காரமாகத் தெரிகின்றன.

மசில்ஹாட்ச் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. சுறாமீன் போன்ற காரில் தோளில் குரங்கோடு திரியும் அந்த ராட்சத மனிதர் ஒரு மிருகக்காட்சிசாலை வைத்திருக்கிறார். விலங்குகளைத் தவிர எவரையும் அவர் முழுதாக நேசிப்பதில்லை. விஞ்ஞானிகள் ஒரே வீச்சில் அவற்றையெல்லாம் கொன்றுவிடுகிறார்கள். அதன் பிறகு அந்த மனிதருக்கு உலகில் மிஞ்சுவது ஒரே ஒரு வேலை, தொழிற்சாலையைத் தகர்ப்பது. செய்தும் முடிக்கிறார். வானம் ஒளிர்ந்து வெடிச்சத்தம் வரும்போது நமக்கு எந்த வெற்றிக் களிப்பும் உண்டாவதில்லை. அந்த ஜன்னல் முகங்களும் அதோடு போயிருக்குமே என்ற நினைப்புதான் வருகிறது. மிகுபுனைவில் தீமையின் கோட்டை இடிந்து விழும்போது வாசகர் நிம்மதிப் பெருமூச்சு விடுவது வழக்கம். டோல்கீனின் ‘லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’ 1954-55-இல் வந்து அந்த வழக்கத்தை உறுதிப்படுத்திவிட்டது. பீக் அந்த நிம்மதியை நமக்குத் தர மறுத்தார். அவருடைய நாவல் நம் கையில் கலக்கத்தோடு மிஞ்சுவதற்கு இந்த மறுப்பு ஒரு பெரிய காரணம், அதைக் குறை என்று எண்ண நான் தயாராக இல்லை.

கடைசிப் பக்கத்தில் டைட்டஸ் தன்னை அறியாமலே கோட்டைக்கு அருகில் வந்துவிடுகிறான். சிறுவயதில் பார்த்த ஒரு பாறையை அடையாளம் காண்கிறான். அதற்கு அப்பால் கார்மென்காஸ்ட் இருக்கிறது. காணாமல் போன பிரபுவுக்காக இன்னும் மரியாதை வேட்டுகள் முழங்குவது கேட்கிறது. ஆக, அவன் பைத்தியமில்லை. பாறையைச் சுற்றி ஒரு நடை நடந்தால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். பார்க்காமல் திரும்பி வேறு திசையில் இறங்கிப் போகிறான். ஆதாரம் இனி அவனுக்குத் தேவைப்படவில்லை. சிதைந்த மூளையால் எழுதப்பட்டது என்று ஒதுக்கப்பட்ட நாவல், மூன்று புத்தகங்களின் கதையையும் இவ்வளவு உறுதியான ஒரு முடிவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. பிரபுவம்மா பாதி சரியாகத்தான் சொன்னாள். பாதை அவனைத் திரும்பக் கொண்டுவந்தது. அங்கே நிற்பதா வேண்டாமா என்பதை அவன் முடிவு செய்தான்.

இரண்டாம் நாவலை முடித்துவிட்டு, போதும் என்று மூடிவைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவே. மூன்றாவதையும் எடுங்கள். 1970-க்குப் பிறகு வந்த, லாங்டன் ஜோன்ஸ் மீட்டெடுத்த பாடத்தைக் கொண்ட பதிப்புதானா என்று பார்த்து வாங்குங்கள். முன்னுரையில் ஆசிரியரின் நோய் பற்றி இருந்தால் அதைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம். பிடிக்காமல் போனால் பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள். அந்தப் பழியை மட்டும் அவருடைய மூளையின் மேல் போடாதீர்கள்.